இரண்டு புள்ளி போதும்



கொஞ்சம் நீளமான பதிவு. "சார் மறுபடியும் பீரியட் எடுக்க ஆரம்பிச்சுட்டாரு" என்று சிலர் சிரிப்பீர்கள். சிரித்துக்கொண்டே படித்தாலும் சரி, கடைசிவரை படியுங்கள். நடுவில் நான் உங்களிடம் ஒரு தப்பை ஒத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

முதலில் செய்தி. வருகிற 9-ஆம் தேதி, செவ்வாய்க்கிழமை, பொழுது சாய்ந்ததும் மேற்கு வானத்தில் வெள்ளியும் வியாழனும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கப்போகின்றன. இரண்டுக்கும் நடுவே இடைவெளி ஏறக்குறைய 1.6 பாகை. கையை நேராக நீட்டிச் சுண்டுவிரலைத் தூக்கிப் பிடித்தால் அதன் அகலம் சுமார் ஒரு பாகை. அதைவிடக் கொஞ்சம் கூடுதலான இடைவெளி, அவ்வளவுதான். பார்க்கத் தொலைநோக்கி வேண்டாம், டிக்கெட் வேண்டாம், கண்ணாடி போட்டவர்கள் கண்ணாடி போட்டுக்கொண்டால் போதும்.

அன்றைக்கு உங்கள் வாட்ஸ்ஆப்பில் எத்தனை அழகான படங்கள் வரும் என்று எனக்குத் தெரியும். என் வேண்டுகோள் ஒன்றே ஒன்றுதான். அவற்றில் ஒன்றைக்கூட அடுத்தவருக்கு அனுப்பாதீர்கள். உங்கள் போனில் நீங்களே ஒரு படம் எடுங்கள். அது எவ்வளவு சுமாராக இருந்தாலும் அதையே போடுங்கள்.

இதைச் சொல்லும் தகுதி எனக்கு இருக்கிறதா என்றால், 2020 டிசம்பர் கணக்குப்படி இல்லை. அந்தக் கதையைத்தான் முதலில் சொல்ல வேண்டும்.

2020 டிசம்பர் 21, திங்கட்கிழமை. வியாழனும் சனியும் சேர்ந்த நாள். இந்த இரண்டும் 20 வருஷத்துக்கு ஒருமுறை சேரும். ஆனால் அன்றைக்கு இருந்த நெருக்கம் அபூர்வம். முழுநிலா அகலத்தில் ஐந்தில் ஒரு பங்கு இடைவெளிதான். 1623-க்குப் பிறகு அவ்வளவு நெருக்கம் அன்றைக்குத்தான். 1623-இல் அவை சூரியனுக்குப் பக்கத்திலேயே இருந்ததால் பார்ப்பதே கஷ்டம். இருட்டிய வானத்தில் எளிதாகப் பார்க்கக்கூடிய அப்படிப்பட்ட சேர்க்கையைத் தேடிப்போனால் 1226-க்குப் போக வேண்டும். சோழர் காலம் முடிகிற நேரம்.

இவ்வளவும் எனக்குத் தெரியும். ஒரு வாரம் முன்பே குடும்பக் குரூப்பில் எழுதியும் வைத்தேன். அன்றைக்கு மாலை என்ன செய்தேன்? வீட்டு மாடிக்குப் போனேன். தென்மேற்குப் பக்கம் அடுத்த வீட்டுக்காரர் புதிதாகக் கட்டிய மாடி மறைத்தது. ஏரிக்கரைக்கு நடந்தால் பத்து நிமிஷம். கொரோனா காலம், பனி வேறு, எனக்கு இருமல் என்று காரணம் சொல்லிக்கொண்டு கீழே இறங்கிவந்து உட்கார்ந்தேன். போனைத் திறந்தால் ஒரு படம் வந்திருந்தது. கோயில் கோபுரத்துக்கு மேலே பெரிய வியாழன், கோடு கோடாக. அதை உரசிக்கொண்டு சனி, வளையத்தோடு, தட்டு தட்டாக. கண்ணைப் பறித்தது. "இன்று மாலை நம் வானில்!" என்று ஒரு வரி எழுதி இதே முகநூலில் போட்டுவிட்டேன்.

ஒரு மணி நேரத்தில் நூற்றுக்கணக்கில் லைக். "அருமை சார்", "உங்களால்தான் தெரிந்தது சார்" என்றெல்லாம் எழுதினீர்கள். அப்போது நம்ம பள்ளியில் படித்த ஒரு பையன், பெயர் சொன்னால் கூச்சப்படுவான், சொந்த டிராக்டர் வைத்து உழவு ஓட்டுகிறவன், இரண்டு வரி எழுதினான்.

"சார், சனியோட வளையம் வெறும் கண்ணுக்குத் தெரியாதுன்னு நீங்கதான சொல்லிக் கொடுத்தீங்க? நான் கழனியிலேர்ந்து எடுத்தது இதுதான் சார்."

கீழே அவன் படம். கரும்புத் தோகை கறுப்பாக. குறுக்கே ஒரு மின்கம்பி. மேகத்துக்கு நடுவே கிடைத்த சந்தில், கொஞ்சம் கலங்கின மாதிரி, ஒட்டினாற்போல இரண்டு புள்ளி. ஒன்று பெரிசு, ஒன்று சின்னது. அவ்வளவுதான் படம்.

அவன் படத்துக்கு நான்கு லைக்கோ ஐந்து லைக்கோ விழுந்திருந்தது. நான் பதில் எழுதவில்லை. ராத்திரியோடு ராத்திரியாக என் பதிவை அழித்துவிட்டேன். அழித்தபோது அதன் கீழே இருந்த அவன் படமும் போய்விட்டது. அது எனக்கு மறுநாள் காலையில்தான் உறைத்தது. தப்பு செய்தது நான். அழிந்தது, அன்றைக்கு அங்கே இருந்த ஒரே உண்மையான படம்.

ஐந்தரை வருஷம் ஆகிறது. அதற்குப் பிறகு அவனை எத்தனையோ முறை கடைத்தெருவில் பார்த்திருக்கிறேன். அவனும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. இன்று எல்லார் முன்னாலும் சொல்கிறேன்: தம்பி, நீ செய்தது சரி. நான் செய்தது தப்பு. மன்னித்துக்கொள்.

சரி, இது அவ்வளவு பெரிய குற்றமா என்று சிலர் கேட்கலாம். ஒரு படம்தானே, யாருக்கு என்ன நஷ்டம்? எனக்கும் ரொம்ப நாள் அப்படித்தான் தோன்றியது. மனசை மாற்றியது என் பேத்தி.

2023 மார்ச் 1-ஆம் தேதி இதே வெள்ளியும் வியாழனும் மாலை வானத்தில் மிக நெருங்கி வந்தன. முழுநிலா அகலத்தைவிடக் கொஞ்சம் கூடுதலான இடைவெளி. இந்த முறை நான் சோம்பவில்லை. ஆறாவது படித்துக்கொண்டிருந்த பேத்தியைக் கூட்டிக்கொண்டு பிப்ரவரி 20-ஆம் தேதியிலிருந்தே ஏரிக்கரைக்குப் போக ஆரம்பித்தேன். முதல் நாள் அவளே படம் எடுத்தாள். எடுத்துப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினாள்.

"இவ்ளோதானா தாத்தா? யூடியூப்ல பெரிசா இருந்துதே?"

அந்தக் கேள்வியைக் கேட்டதும்தான் எனக்கு விஷயம் புரிந்தது. பொய்ப் படத்தால் வியாழனுக்கு ஒன்றும் நஷ்டமில்லை, சனிக்கும் இல்லை. அதைப் பார்த்துப் பழகிய பிள்ளைக்குத் தன் தலைக்கு மேலே இருக்கிற நிஜ வானம் சப்பென்று ஆகிவிடுகிறது. "நம்ம ஊர் வானம் சரியில்ல, நம்ம போன் சரியில்ல" என்று நினைத்து, அது நிமிர்ந்து பார்ப்பதையே விட்டுவிடுகிறது. நஷ்டம் அந்தப் பிள்ளைக்குத்தான். ஒரு அறிவியல் வாத்தியார் செய்யக்கூடிய வேலையா அது?

பேத்தியிடம் ஒரு பேச்சுப் பேசினேன். "பாப்பா, பத்து நாள் இதே கல்லுமேல போனை வச்சு, இதே நேரத்துக்கு எடு. பத்தாவது நாளும் இவ்ளோதானான்னு கேட்டா நான் உன்னக் கூப்பிடவே மாட்டேன்."

முதல் நாள், நீட்டிய கையில் ஒரு முட்டி அகலம் இடைவெளி. வெள்ளி கீழே, வியாழன் மேலே. 22-ஆம் தேதி இரண்டுக்கும் நடுவே மெல்லிய பிறை வந்து நின்றது. ஒவ்வொரு நாளும் ஏறக்குறைய ஒரு சுண்டுவிரல் அகலம் இடைவெளி குறைந்துகொண்டே வந்தது. மார்ச் 1-ஆம் தேதி இரண்டும் ஒட்டின மாதிரி. அதற்கும் சில நாள் சேர்த்துப் போனோம். அப்போது வெள்ளி மேலே, வியாழன் கீழே! படங்களை வரிசையாக வைத்து விரலால் தள்ளிக்கொண்டே போனவள் திடீரென்று நிறுத்தினாள்.

"தாத்தா, ரெண்டும் எடம் மாறிடுச்சு. நடக்குது தாத்தா!"

ஐரோப்பிய மொழிகளில் கோளுக்கு இருக்கிற பெயரே கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. அதற்குப் பொருள் 'அலைகிறது' என்பது. இதை நான் முப்பது வருஷத்துக்கு மேல் கரும்பலகையில் எழுதிப்போட்டிருக்கிறேன். சூரியனை நடுவில் போட்டு, சுற்றிலும் வட்டம் போட்டு, கேள்வித்தாளில் ஐந்து மார்க்கும் போட்டிருக்கிறேன். நீங்களும் மனப்பாடம் செய்து எழுதி மார்க் வாங்கியிருக்கிறீர்கள். ஆனால் "நடக்குது சார்" என்று உங்களில் ஒருவரும் என்னிடம் சொன்னதில்லை. சொல்லும்படி நான் உங்களை ஒரு நாளும் வெளியே கூட்டிப்போகவில்லை. அந்தப் பாடம் சுமாரான பதினைந்து படத்தில் ஒரு சின்னப் பெண்ணுக்குக் கிடைத்தது. பளபளப்பான ஒற்றைப் படத்தில் அது கிடைக்காது, அந்தப் படம் நிஜமாகவே இருந்தாலும்கூட.

அதனால்தான் சொல்கிறேன். வானத்தைப் படம் எடுப்பதில் அழகு இரண்டாம் பட்சம். எங்கிருந்து, எந்தத் தேதி, எத்தனை மணிக்கு, யார் எடுத்தது என்பதுதான் முதல். இந்த நான்கும் இருந்தால் மங்கலான இரண்டு புள்ளியும் சாட்சி சொல்லும். இல்லாவிட்டால் அது வெறும் வால்பேப்பர்.

போன மாதம் ஒரு கல்யாண வீட்டில் இதைப் பேசிக்கொண்டிருந்தேன். எங்கள் பெரிய மச்சான் வேறு மாதிரி சொன்னார். "எதுக்கு மாப்ள போட்டோ? கண்ணால பாத்து அனுபவிச்சா போதாதா? இப்ப எல்லாத்தையும் போன் வழியாதான் பாக்குறானுங்க." அவர் சொல்வதில் நியாயம் உண்டு. தேர் நிலைக்கு வரும்போதுகூட சாமியைப் பார்க்காமல் போன் திரையைப் பார்க்கிற கூட்டத்தை நானும் பார்த்திருக்கிறேன். ஆனால் கோள்கள் விஷயத்தில் கண் மட்டும் போதாது. நேற்று எவ்வளவு தள்ளி இருந்தது என்று கேட்டால் நம் நினைவு தடுமாறும். "பக்கத்துலதான் இருந்துது" என்போம். படம் இருந்தால் அளந்து பார்க்கலாம். அதனால் மச்சானுக்கு என் பதில்: முதலில் ஐந்து நிமிஷம் கண்ணால் பாருங்கள். பிறகு ஒரு படம். பிறகு போனைப் பைக்குள் போட்டுவிட்டு மறுபடி கண்ணால் பாருங்கள்.

இன்னொரு கூட்டம் இருக்கிறது. படமே எடுக்காமல் கதை மட்டும் அனுப்புகிறவர்கள். ஆகஸ்ட் 27-ஆம் தேதி செவ்வாய் நிலா அளவுக்குத் தெரியும் என்று ஒரு செய்தி வருஷா வருஷம் வருகிறதே, நினைவிருக்கிறதா? 2003-இல் செவ்வாய் பூமிக்கு வழக்கத்தைவிட நெருங்கி வந்தது நிஜம். அதற்குக் கை கால் முளைத்து இன்னும் நடந்துகொண்டிருக்கிறது. செவ்வாய் எந்தக் காலத்திலும் நம் வெறும் கண்ணுக்குப் புள்ளிதான்.

நம் காரைக்கால் பக்கத்துக் கதையும் ஒன்று உண்டு. திருநள்ளாற்றுக்கு நேர் மேலே வரும்போது செயற்கைக்கோள் மூன்று வினாடி நின்றுவிட்டுப் போகிறது என்று படத்தோடு வரும். செயற்கைக்கோள் எங்கேயும் நிற்காது, நின்றால் விழுந்துவிடும். பூமி சுற்றுகிற வேகத்திலேயே சுற்றி, ஒரே இடத்துக்கு மேலே இருப்பதுபோலத் தெரிகிற செயற்கைக்கோள்கள் உண்டு. அவையும் ஓடிக்கொண்டேதான் இருக்கின்றன. நான் திருநள்ளாற்றுக்குப் போயிருக்கிறேன், நளதீர்த்தத்தில் குளித்திருக்கிறேன். அந்தக் கோயிலுக்கு இருக்கிற பெருமைக்கு இந்தச் செயற்கைக்கோள் கதை தேவையே இல்லை.

கோயில் பேச்சு வந்ததால் ஒன்று. 2020 டிசம்பர் 21-இல் சனியும் வியாழனும் சேர்ந்தன என்றேன் அல்லவா? அதே வாரம், 27-ஆம் தேதி, திருநள்ளாற்றில் சனிப்பெயர்ச்சி. அது வாக்கியப் பஞ்சாங்கப்படி. திருக்கணிதப்படி சனி மகரத்துக்குப் போனது அதே வருஷம் ஜனவரி 24-இலேயே. ஒரே சனி, இரண்டு தேதி, நடுவே பதினொரு மாதம். கோயில் எந்தக் கணக்கை வைத்துக்கொள்ள வேண்டும் என்று சொல்ல நான் யார்? அது வழிபாடு, அதற்கு ஒரு மரபு இருக்கிறது. ஆனால் "சனி இப்ப எங்க இருக்கு?" என்று ஒரு பிள்ளை கேட்டால், கையைப் பிடித்துக் கூட்டிப்போய்க் காட்ட ஒரே இடம்தான் உண்டு. அது வானம். இரண்டு கோள் சேர்ந்தால் நாட்டுக்கு ஆகாது, வீட்டுக்கு ஆகாது என்று பயமுறுத்துகிற செய்திகளும் இந்த வாரம் வரும். பயப்படாதீர்கள். வெள்ளி அன்றைக்கு நம்மிடமிருந்து சுமார் 18 கோடி கிலோமீட்டர் தூரத்தில் இருக்கும். வியாழன் சுமார் 90 கோடி. ஐந்து மடங்கு அப்பால். அவை ஒன்றையொன்று தொடவில்லை. நாம் நிற்கிற இடத்திலிருந்து ஒரே திசையில் தெரிகின்றன, அவ்வளவுதான். நெட்டப்பாக்கத்துப் பனைமரமும் தூரத்துச் செல்போன் டவரும் ஒரு கோணத்தில் ஒட்டித் தெரிவதில்லையா, அதுபோல.

உங்கள் படத்தில் இன்னொரு வேடிக்கையும் இருக்கும். வெள்ளியின் ஒளி நம்மிடம் வந்துசேர ஏறக்குறைய 10 நிமிஷம். வியாழனின் ஒளிக்கு ஏறக்குறைய 50 நிமிஷம். ஏழே கால் மணிக்கு நீங்கள் எடுக்கிற ஒரே படத்தில் ஒரு புள்ளி ஏழு ஐந்துக்கு உரியது, இன்னொரு புள்ளி ஆறு இருபத்தைந்துக்கு உரியது. இதைப் பிள்ளைகளிடம் சொல்லிப் பாருங்கள், அவர்கள் கண் விரிவதைப் பார்க்கலாம்.

இப்போது நம் புதுச்சேரியின் சொந்தக் கதைக்கு வருகிறேன். நாளை ஜூன் 4. 1769-இல் இதே ஜூன் 4-ஆம் தேதி காலையில் புதுச்சேரியில் ஒரு மனிதர் வானத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். பெயர் லெ ழாந்தி. பிரெஞ்சு வானியலாளர். சூரியனுக்குக் குறுக்கே வெள்ளி கடந்துபோவதை அளந்தால் பூமிக்கும் சூரியனுக்கும் உள்ள தூரத்தைக் கணக்கிடலாம். அதற்காக 1760-இல் பிரான்சிலிருந்து புதுச்சேரியை நோக்கிக் கப்பல் ஏறினார். அவர் வந்து சேருமுன் 1761 ஜனவரியில் ஆங்கிலேயர் புதுச்சேரியைப் பிடித்துவிட்டார்கள். இறங்க வழியில்லை. அந்த வருஷம் ஜூன் 6-ஆம் தேதி வெள்ளி சூரியனைக் கடந்தபோது அவர் நடுக்கடலில். ஆடுகிற கப்பலில் இருந்து பார்த்தாரே தவிர, சரியாக அளக்க முடியவில்லை.

ஆனால் அவர் ஊருக்குத் திரும்பவில்லை. அடுத்த கடப்பு எட்டு வருஷம் கழித்து என்று தெரியும். இந்தப் பக்கத்துக் கடல்களிலேயே காத்திருந்தார். புதுச்சேரி மறுபடி பிரெஞ்சுக்காரர் கைக்கு வந்தபின் 1768-இல் இங்கே வந்தார். இடிந்து கிடந்த கோட்டையில் வானிலைக்கூடமாக ஒரு மேடை கட்டினார். கருவிகளைச் சரிபார்த்து வைத்தார். கடப்புக்கு முந்தின நாட்களில் காலை வானம் துல்லியம். அந்த நாள் விடிந்தது. மேகம். வெள்ளி கடந்து முடிகிறவரை மேகம் விலகவில்லை. முடிந்தபின் சூரியன் வெளியே வந்தது.

பதினொரு வருஷம் கழித்து 1771-இல் ஊர் போய்ச் சேர்ந்தால், அவர் இறந்துவிட்டார் என்று முடிவுகட்டிச் சொத்தைப் பங்கு போடப் பார்த்துக்கொண்டிருந்தார்கள் உறவினர்கள்.

இந்தக் கதையை எல்லாரும் துரதிர்ஷ்டக் கதையாகச் சொல்வார்கள். நானும் வகுப்பில் அப்படித்தான் சொன்னேன், நீங்களும் சிரித்தீர்கள். இப்போது எனக்கு அதில் வேறொன்று பெரிதாகத் தெரிகிறது. அந்த மனிதர் "மேகம், பார்க்க முடியவில்லை" என்று எழுதிவைத்தார். பக்கத்தில் வேறு சாட்சி கேட்க ஆளில்லை. பதினொரு வருஷ வாழ்க்கையைக் கொடுத்திருக்கிறார். ஒரு கணக்கைப் புனைந்து எழுதியிருக்கலாம். எழுதவில்லை.

அதுமட்டுமில்லை. இங்கே இருந்தபோது தமிழர்கள் கிரகணம் கணிக்கிற முறையை உட்கார்ந்து கற்றுக்கொண்டார். 1765 ஆகஸ்ட் 30-ஆம் தேதி சந்திர கிரகணம் எவ்வளவு நேரம் நீடித்தது என்பதில் தமிழ்க் கணக்கு 41 வினாடி குறைத்துச் சொன்னது, ஐரோப்பாவில் பேர்பெற்ற மேயரின் அட்டவணை 68 வினாடி கூட்டிச் சொன்னது என்று அவரே பதிவு செய்திருக்கிறார். ஐரோப்பியர் கணக்கைவிட நம் ஊர்க்காரர் கணக்கு அங்கே நெருங்கி வந்தது என்பதை மறைக்காமல் எழுதினார். வானத்தைப் பார்க்கிறவருக்கு இருக்க வேண்டிய குணம் இதுதான் என்று நினைக்கிறேன். பார்த்ததைப் பார்த்தேன் என்பது, பார்க்காததைப் பார்க்கவில்லை என்பது.

அவர் கோட்டை இடிபாட்டில் நின்றுகொண்டு காட்டிய நேர்மையை, நான் வீட்டு நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு ஒரு ஃபார்வர்டில் விட்டுவிட்டேன். அதுதான் எனக்கு உறுத்துகிறது.

இப்போது வேலைக்கு வருவோம். 9-ஆம் தேதிக்கு என்ன செய்யலாம்?

நேரம்: நம் பக்கம் சூரியன் சுமார் 6.35-க்கு மறையும். 7 மணியிலிருந்து 7.30 வரை படத்துக்கு நல்ல நேரம். அடிவானத்தில் கொஞ்சம் வெளிச்சம் மிச்சம் இருக்கும், மரமும் கோபுரமும் நிழலாகத் தெரியும். தவறவிட்டால் பதறாதீர்கள். ஒன்பது மணி வரை அவை மறையாது.

திசை: மேற்கே பார்த்து, சற்று வடமேற்காகத் திரும்புங்கள். ரொம்பப் பிரகாசமாக இருப்பது வெள்ளி. அதற்கு இடப்பக்கம் கொஞ்சம் மங்கலாக வியாழன். வலப்பக்கம் புனர்பூசத்தின் இரண்டு விண்மீன்களும் தெரியும். கீழே, அடிவானத்துக்குப் பக்கத்தில் ஒரு புள்ளி தெரிந்தால் அது புதன். புதனைப் பார்த்தேன் என்று சொல்லிக்கொள்கிறவர்கள் உலகத்திலேயே குறைவு. அந்தப் பட்டியலில் சேர்ந்துகொள்ளுங்கள்.

இடம்: மேற்குப் பக்கம் திறந்திருக்க வேண்டும். ஏரிக்கரை, களத்துமேடு, மடுகரைச் சாலையோரம், மொட்டை மாடி. தெருவிளக்கு நேராகக் கண்ணில் அடிக்காத இடமாகப் பாருங்கள். களத்துமேட்டுக்கும் கரைக்கும் போகிறவர்கள் காலில் செருப்பு, கையில் டார்ச். பாம்பு இருக்கும். சின்னப் பிள்ளைகளைத் தனியாக அனுப்ப வேண்டாம்.

போன்: கையில் பிடித்து எடுத்தால் புள்ளி இழுபட்டுக் கோடாகும். செங்கல் மீதோ மணல் நிரப்பிய பை மீதோ சாய்த்து வையுங்கள். மூன்று வினாடி டைமர் போடுங்கள். விரல் பட்டு ஆடாமல் இருக்கும். திரையில் வெள்ளியைத் தொட்டு, வெளிச்சத்தைக் கொஞ்சம் குறையுங்கள். ஜூம் இரண்டு, மூன்று மடங்குக்கு மேல் வேண்டாம். கூடக்கூடப் புள்ளி சிதறும். புரோ மோட் இருந்தால் ஐஎஸ்ஓ 200 அல்லது 400, நேரம் கால் வினாடியிலிருந்து ஒரு வினாடிவரை வைத்துப் பாருங்கள். படத்தின் கீழே ஒரு பனையோ வைக்கோல் போரோ தண்ணீர்த் தொட்டியோ இருக்கட்டும். அது இருந்தால்தான் நாளைக்குப் பார்க்கிறவருக்கு இடம் புரியும்.

ஒரு நாளோடு விடாதீர்கள். 5-ஆம் தேதியிலிருந்து 13 வரை, அதே இடம், அதே நேரம். 5-ஆம் தேதி வெள்ளி வியாழனுக்குக் கீழே நாலு விரல் தள்ளி இருக்கும். 13-ஆம் தேதி அதே அளவு தள்ளி மேலே போயிருக்கும். முடிந்தால் 17-ஆம் தேதியும் போங்கள். மூன்றாம் பிறை வெள்ளிக்குப் பக்கத்தில் வந்து நிற்கும்.

தொலைநோக்கி வைத்திருக்கிறவர்கள், பெரிய கேமரா வைத்திருக்கிறவர்கள் எடுக்கிற படங்களில் வியாழனின் நிலாக்கள்கூடத் தெரியும். அவை பொய் என்று நான் சொல்லவில்லை. அந்த உழைப்புக்குத் தலைவணங்குகிறேன். எதில் எடுத்தது என்று எழுதிவிடுங்கள், போதும். ஆனால் ஏஐ செய்து கொடுக்கிற படம் வேண்டாம். இப்போது சில போன்களே நிலாவைத் தானாக மெருகேற்றிக் கொடுக்கின்றன. அந்த வசதி இருந்தால் அதையும் அணைத்துவிடுங்கள்.

வெளிநாட்டில் இருக்கிற பிள்ளைகளே, உங்களுக்கும் இதுதான். பாரிஸோ சிங்கப்பூரோ துபாயோ, உங்கள் ஊரில் இருட்டியதும் மேற்கே பாருங்கள். ஜூனில் பாரிஸில் பொழுது சாயவே ராத்திரி பத்து ஆகும், தெரியும். காத்திருந்து எடுங்கள். நெட்டப்பாக்கத்துப் படமும் உங்கள் படமும் பக்கத்தில் பக்கத்தில் வரும்போது, அதே இரண்டு புள்ளி சாய்வு மாறி நிற்பது தெரியும். பூமி உருண்டை என்பதற்கு அதைவிட நல்ல பாடம் என்னிடம் இல்லை.

படத்தோடு நான்கு விஷயம் எழுதுங்கள்: ஊர், தேதி, மணி, எடுத்தவர் பெயர். வரிசையாகச் சேர்த்துவைக்கிற வேலையை என் பேத்தி ஏற்றுக்கொண்டிருக்கிறாள். இப்போது அவள் ஒன்பதாவது. கண்டிப்பான ஆள். மணி எழுதாத படத்தைத் திருப்பி அனுப்பிவிடுவாள், என்னிடம் சிபாரிசுக்கு வராதீர்கள்.

ஜூன் மாதம். மேற்கே இடிமழை மேகம் கட்டிக்கொள்ள எல்லா வாய்ப்பும் இருக்கிறது. கட்டினால் மேகத்தைப் படம் எடுத்து, ஊர், தேதி, மணி எழுதி, "தெரியவில்லை" என்று போடுங்கள். அதையும் நான் அந்த வரிசையில் வைப்பேன்.

நானும் அன்றைக்கு ஏரிக்கரையில்தான் இருப்பேன். டிராக்டர் தம்பி, உனக்கு நேரம் இருந்தால் வா. உன் பழைய படம் உன்னிடம் இன்னும் இருந்தால் அதையும் கொண்டுவா. இந்த வரிசையில் முதல் படமாக அதைத்தான் வைக்க வேண்டும்.

அன்புடன்,
உங்கள் சார்
நெட்டப்பாக்கம், 3.6.2026